தேதியை மறந்த கணினி

அலமாரியின் அடித்தட்டில் ஐந்து வருடமாகக் கிடந்த மடிக்கணினியை எடுத்துத் தூசு தட்டி மின்னிணைப்பு கொடுத்தேன். உள்ளே விசிறி முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. திரையில் முதலில் வந்த செய்தி, தேதியும் நேரமும் பதிவில் இல்லை என்றது. இது எந்த வருடம் என்றுகூட அதற்குத் தெரியவில்லை. இத்தனை காலம் மின்சாரம் இல்லாமல் கிடந்த பொருளுக்கு நாள் கிழமை மறந்துபோவது இயல்புதானே என்று ஒரு விசையைத் தட்டினேன். அடுத்த நொடி, கறுப்புத் திரையின் நடுவே ஒரு சின்னப் பூட்டுப் படமும் ஒரு வெற்றுக் கட்டமும் வந்து நின்றன. கடவுச்சொல் கேட்டது.

விண்டோஸ் கேட்கிற கடவுச்சொல் இல்லை அது. விண்டோஸ் இன்னும் கண்விழிக்கவே இல்லை. சென்னைக்குப் பயணம் போவதற்கு முன்னால், வழியில் கணினி களவு போனால் யாரும் திறக்கக் கூடாது என்று கணினியின் அடிமட்ட அமைப்புக்குள் போய் நானே போட்டு வைத்த பூட்டு. சொல் நினைவில் இல்லை. பிள்ளைகளின் பெயர், பழைய வீட்டு எண், பிடித்த ஊர் என்று எனக்குத் தோன்றியதையெல்லாம் போட்டுப் பார்த்தேன். மூன்று முறை தவறியதும் அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னது. போட்டால் மறுபடியும் அதே கட்டம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. உள்ளே இருந்த பொருள் ஒரு காரணம். மூன்று மாலைப்பொழுதுகள் உட்கார்ந்து பெரியம்மாவின் தொழிற்சாலைக் காலத்து நினைவுகளைக் குரல்பதிவாக எடுத்து வைத்திருந்தேன். அவை வேறெங்கும் இல்லை. இன்னொரு காரணம், விடை தெரியாத ஒரு கேள்வி. ஐந்து வருடத்தில் தேதியை அடியோடு மறந்துவிட்ட இயந்திரம், என் கடவுச்சொல்லை மட்டும் எப்படி ஓர் எழுத்து பிசகாமல் வைத்துக்கொண்டிருக்கிறது?

மறுநாள் பினாங்கு கொம்தார் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். தமிழ்ப் பையன்தான். விஷயத்தைக் கேட்டதும் கணினியைக் கையில் வாங்காமலே, "ரெசிட்டு இருக்கா அக்கா?" என்றான். இது என்னுடையது என்று சொல்கிறேனே தம்பி என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. திருடிட்டு வந்தவனும் அதையேதான் சொல்வான். கோவிச்சுக்காதீங்க" என்றான். கோபம் வரவில்லை, மதிப்புதான் வந்தது. வீட்டுக்குத் திரும்பி, வாங்கியபோது கொடுத்த தாளைக் கோப்புகளுக்குள் தேடி எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். அதிலிருந்த வரிசை எண்ணையும் கணினியின் அடியில் இருந்த எண்ணையும் விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் திருப்புளியை எடுத்தான்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அடிமூடியைக் கழற்றி, சேமிப்பு வட்டை உருவி, இன்னொரு கணினியில் செருகினான். என் கோப்புகள் எல்லாம் திரையில் வந்து நின்றன. பெரியம்மாவின் மூன்று குரல்பதிவுகளும் அப்படியே இருந்தன. எனக்கு ஒரே நேரத்தில் நிம்மதியும் திகைப்பும். இத்தனை வருடமாக அந்தப் பூட்டு என் கோப்புகளைக் காக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது காத்தது இயந்திரத்தை மட்டும்தான். வீட்டு வாசலில் பெரிய பூட்டைப் போட்டுவிட்டு, அலமாரியைத் திண்ணையில் வைத்த கதை. வட்டில் உள்ளதைக் காக்க வேண்டுமானால் அதற்கென்றே குறியாக்கம் செய்ய வேண்டும். இப்போதைய விண்டோஸ் கணினிகளில் பிட்லாக்கர் என்ற ஏற்பாடு அதைச் செய்கிறது. அது இயங்கியிருந்தால் வட்டை உருவியிருந்தாலும் பொருளற்ற எழுத்துக் குவியல்தான் கிடைத்திருக்கும். இதை வாசிக்கிற ஒருவராவது இன்றே தம் கணினியில் எந்தப் பூட்டு எதைக் காக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

இனி அந்தக் கறுப்புத் திரைக்கு வருவோம். பொத்தானை அழுத்தியதும் கணினியின் மூளையான செயலிக்கு எதுவுமே தெரியாது. விசைப்பலகை எங்கே, திரை எங்கே, வட்டு எங்கே என்று ஒன்றும் தெரியாத பச்சைப் பிள்ளை. அதற்குப் பிறவியிலேயே தெரிந்தது ஒன்றுதான்: எந்த முகவரியில் முதல் கட்டளை இருக்கும் என்பது. இன்டெல் வழிவந்த செயலிகளில் அந்த முகவரி, 4 கிகாபைட் எல்லைக்குச் சரியாக 16 பைட் முன்னால் இருக்கிறது. அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் காத்திருப்பது, தாய்ப்பலகையில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு சில்லு. செயலிக்குக் கைகால்களை அடையாளம் காட்டி, எழுப்பி உட்காரவைத்து, கடைசியில் விண்டோஸிடம் ஒப்படைக்கிற நிரல் அதற்குள் இருக்கிறது. ஃபர்ம்வேர் என்பது அதைத்தான். பழக்கத்தில் பயாஸ் என்கிறோம். 1970களில் கேரி கில்டால் தம் சி.பி/எம். இயங்குதளத்துக்காக வைத்த பெயர் அது. 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யோடு உலகம் முழுக்கப் பரவியது. இன்றைய கணினிகளில் இருப்பது அதன் வாரிசான யூ.இ.எஃப்.ஐ. என்றாலும் கடைக்காரர்கள் வாயில் இன்னும் பயாஸ்தான். வட்டைத் தொடுவதற்கு முன்பே இந்த நிரல் ஓடுவதால், அது போடுகிற பூட்டை விண்டோஸைத் திரும்ப நிறுவியோ வட்டை மாற்றியோ திறக்க முடியாது.

கல்லூரிக் காலத்தில் இப்படி மாட்டிக்கொண்ட மேசைக்கணினிகளைத் திறக்க எங்களுக்கு ஓர் உபாயம் தெரியும். மூடியைக் கழற்றி, தாய்ப்பலகையில் இருக்கிற நாணயம் போன்ற பேட்டரியை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் போட்டால் கடவுச்சொல் போய்விடும். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1984இல் ஐ.பி.எம். வெளியிட்ட பி.சி. ஏ.டி. கணினியில் மோட்டோரோலா நிறுவனத்தின் கடிகாரச் சில்லு ஒன்று இருந்தது. அதில் மொத்தமே 64 பைட் நினைவகம். 14 பைட் கடிகாரத்துக்கும் அதன் கட்டுப்பாட்டுக்கும் போக, மிச்சம் 50 பைட்டில் கணினியின் அமைப்பு விவரங்களை எழுதி வைத்தார்கள். கணினி அணைந்திருக்கும்போது இந்தச் சில்லுக்கு மட்டும் ஒரு பேட்டரி உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும். பின்னாளில் கடவுச்சொல்லும் இதே இடத்தில் குடியேறியது. பேட்டரியை எடுத்தால் நினைவும் போகும், பூட்டும் போகும்.

என் கணினியிலும் அந்த நாணய பேட்டரி இருந்தது. 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன். எண்ணைச் சேர்த்துப் படித்தால் 2032. அதன் பெயரே அதன் அளவு. தம்பி அதை மின்மானியில் வைத்துக் காட்டினான். 3 வோல்ட் காட்ட வேண்டியதில் ஒரு வோல்ட்கூட மிச்சமில்லை. தேதி போன காரணம் அதுதான். "அப்ப கடவுச்சொல்லும் போயிருக்கணுமே தம்பி?" என்றேன். "அது அந்தக் காலம் அக்கா. இப்ப அது பேட்டரிய நம்பி இல்ல" என்றான்.

மேசைக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது கடினம். மடிக்கணினியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். ஒரு பேட்டரியை உருவினால் திறந்துவிடும் பூட்டு திருடனுக்கு வசதி என்பதை மடிக்கணினி செய்தவர்கள் சீக்கிரமே உணர்ந்தார்கள். அதனால் கடவுச்சொல்லை மின்சாரமே தேவைப்படாத ஒரு நினைவகத்துக்கு மாற்றினார்கள். அந்த நினைவகத்தின் கதைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது, ஏனென்றால் அது எங்கள் பினாங்குத் தீவையும் தொட்டுக்கொண்டு போகிறது.

1967இல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சீ என்ற இருவர் ஒரு யோசனையை வெளியிட்டார்கள். ஒரு டிரான்சிஸ்டருக்குள் கடத்துபொருளால் ஆன ஒரு சிறு தகட்டை வைத்து, அதன் மேலும் கீழும் பக்கவாட்டிலும் மின்சாரம் புகாத சுவர் எழுப்பிவிட்டால், அந்தத் தகட்டுக்குள் போன எலக்ட்ரான் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே கிடக்கும். கிடந்தால் ஒரு பொருள், கிடக்காவிட்டால் இன்னொரு பொருள். நினைவு என்பதற்கு அது போதும். எந்தக் கம்பியோடும் தொடுப்பில்லாமல் நிற்பதால் அதை மிதக்கும் வாயில் என்றார்கள். சுவர் எதனால் ஆனது தெரியுமா? சிலிக்கான் டை ஆக்சைடு. மணலிலும் சன்னல் கண்ணாடியிலும் உள்ள அதே பொருள். கண்ணாடிக் கடலுக்கு நடுவே ஒரு தீவு.

அதைச் சந்தைக்கு வரும் சில்லாக ஆக்கியவர் டோவ் ஃப்ரோமன். 1969இல் இன்டெல்லில் சேர்ந்த இளைஞர். நிறுவனத்தின் தொடக்க கால நினைவகச் சில்லு ஒன்று, வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் தடுமாறியது. மின்னூட்டம் போகக் கூடாத இடத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டதுதான் சிக்கல். அந்தப் பழுதைத் துருவிக்கொண்டிருந்தவருக்கு, ஒட்டிக்கொள்வதையே ஏன் பயன்படுத்தக் கூடாது என்று தோன்றியது. 1971இல் 1702 என்ற எண்ணோடு சில்லு வந்தது. கொள்ளளவு 2,048 பிட், அதாவது வெறும் 256 பைட். இந்தப் பத்தியைத் தமிழில் சேமிக்கக்கூட அது போதாது. ஆனாலும் அடுத்த பத்தாண்டுக்கும் மேலாக இன்டெல்லுக்குப் பெரும் லாபம் ஈட்டித் தந்தது அந்தக் குடும்பத்துச் சில்லுகள்தான். ஃப்ரோமனோ கண்டுபிடித்த கையோடு ஆப்பிரிக்காவுக்குப் போய், கானாவின் குமாசி நகரப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போக இது ஒன்றே போதும்.

அந்தச் சில்லின் முதுகில் ஒரு சன்னல் இருக்கும். குவார்ட்ஸ் கண்ணாடி பதித்த வட்டச் சன்னல். உள்ளே இருப்பதை அழிக்க வேண்டுமானால் புறஊதா விளக்குக்கு அடியில் இருபது நிமிடம் வைப்பார்கள். புறஊதா ஒளித்துகள் ஒன்று தன் ஆற்றலைத் தீவில் இருக்கும் எலக்ட்ரானுக்குக் கொடுக்கும், எலக்ட்ரான் சுவரைத் தாண்டிக் குதித்துவிடும். சாதாரண சிவப்பு, பச்சை விளக்கொளியின் துகளுக்கு அந்த வலு கிடையாது. வெயிலில் கொஞ்சம் உண்டு. அதனால்தான், நேர் வெயிலில் ஒரு வாரம் வைத்தால் அழிந்துவிடும், அறையின் குழல்விளக்கிலேயே விட்டால் ஏறக்குறைய மூன்று வருடத்தில் அழியும் என்று அந்தக் காலத்துக் கையேடுகளில் எச்சரிக்கை எழுதினார்கள். சன்னல் மேல் ஒரு காகிதம் ஒட்டுவது வழக்கமானது. கடவுளின் திரைச்சீலை மாதிரி அந்தக் காகிதத்தை யாரும் தொட மாட்டார்கள்.

அந்தச் சில்லு பிறந்த மறுவருடம், 1972இல், இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் திறந்தது. திறந்த இடம் பினாங்கு பாயான் லெப்பாஸ். ஜார்ஜ் டவுனை நிறுவிய பிரான்சிஸ் லைட் காலத்திலிருந்து வரியில்லாத் துறைமுகமாகப் பிழைத்த ஊர் இது. 1969இல் அந்தத் தகுதி பறிபோனதும் ஜார்ஜ் டவுனில் வேலை தேடி நின்றவர்கள் ஏராளம். அதே வருடம் முதலமைச்சராக வந்த லிம் சோங் இயூ, நெல் வயலும் கிராமமுமாக இருந்த தெற்குப் பகுதியை ஏற்றுமதித் தொழிற்பேட்டையாக மாற்றினார். இன்டெல், ஏ.எம்.டி., ஹெவ்லட் பேக்கர்ட், நேஷனல் செமிகண்டக்டர், பாஷ், ஹிட்டாச்சி என்று முதலில் வந்த எட்டு நிறுவனங்களை எட்டு சாமுராய்கள் என்று இன்றும் சொல்வோம். 1975இல் இன்டெல்லின் ஆலை தீயில் எரிந்துபோனது. எரிந்த பிறகும் நிறுவனம் ஊரை விட்டுப் போகவில்லை, திரும்பக் கட்டியது. பழைய கணினிகளைத் திறந்தால் சில்லுகளின் மேல் சின்ன எழுத்தில் மலேசியா என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். உலகத்துச் சில்லுகளை அடைத்துச் சோதிக்கும் வேலையில் சுமார் 13 சதவீதம் இன்றும் மலேசியாவில் நடப்பதாகச் சொல்வார்கள். அதில் பெரும்பங்கு பினாங்கினுடையது.

பெரியம்மா 1974இல் பதினெட்டு வயதில் அப்படி ஒரு ஆலைக்கு வேலைக்குப் போனவர். மீட்டெடுத்த குரல்பதிவை அன்று இரவே போட்டுக் கேட்டேன். தோட்டத்து வீட்டிலிருந்து விடியலுக்கு முன்னால் கிளம்பியது, ஷிஃப்ட் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கியது எல்லாம் இருந்தது. பிறகு வயர் பாண்டிங் பற்றிச் சொல்கிறார். அந்த இடத்தில் அவர் குரல் மாறிவிடுகிறது, பாட்டு சொல்லிக்கொடுக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் கீழே சில்லு ஒரு கோலம் மாதிரித் தெரியும். தங்கக் கம்பி ஒன்று ஊசி வழியாக இறங்கும். தலைமயிரில் மூன்றில் ஒரு பங்கு தடிமன்தான் இருக்கும். நுனியில் சின்னதாக ஒரு தங்க உருண்டை. அதைச் சில்லின் ஓரத்துக் கட்டத்தில் வைத்து அழுத்தி, கம்பியை வளைத்து மேலே தூக்கி, வெளிக்கால் ஒன்றில் கொண்டுபோய் ஒட்டி அறுக்க வேண்டும். அப்படி ஒவ்வொரு காலுக்கும். "மூச்ச இழுத்து வச்சுக்கிட்டு அழுத்தணும், விட்டா கை ஆடும்" என்கிறார். அந்தச் சில்லுக்குள் என்ன இருக்கிறது, எதற்குப் போகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லையாம். சொல்லியிருக்க வேண்டும். உலகம் நினைவில் வைத்திருப்பவற்றுக்கு வாசல் கட்டியவர்கள் அவர்கள். அதை அறிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்தது.

புறஊதா விளக்கும் சன்னலும் பிறகு தேவையில்லாமல் போயின. 1970களின் இறுதியில் இன்டெல்லில் ஜார்ஜ் பெர்லெகோஸ் மின்சாரத்தாலேயே அழிக்கும் சில்லைக் கொண்டுவந்தார். தோஷிபாவில் ஃபூஜியோ மசுவோக்கா ஒரு பெரிய பகுதியை ஒரே வீச்சில் அழிக்கும் வகையைக் கண்டுபிடித்து 1984இல் உலகுக்குச் சொன்னார். ஒளிப்படக் கருவி பளிச்சிடுவதுபோல நொடியில் அழிகிறது என்று அதற்கு ஃப்ளாஷ் எனப் பெயர் வந்தது. என் மடிக்கணினியின் பயாஸ் இருப்பது அந்த வகைச் சில்லில்தான்.

அதில் எலக்ட்ரான் தீவுக்குப் போவதும் வருவதும் இரண்டு வேறு வழிகளில். எழுதும்போது, பக்கத்து வாய்க்காலில் ஓடும் எலக்ட்ரான்களைப் பெரிய மின்னழுத்தத்தால் விரட்டுகிறார்கள். வேகம் பிடித்தவற்றில் சில சுவரைத் தாண்டிக் குதித்து உள்ளே விழுகின்றன. அழிக்கும்போது நடப்பது அதைவிட விந்தையானது. மின்புலத்தைச் சுவரின் குறுக்கே பலமாகக் கொடுத்தால், குதிக்க வலுவில்லாத எலக்ட்ரான்கள் சுவருக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடுகின்றன. சுவரில் ஓட்டை எதுவும் விழுவதில்லை. எலக்ட்ரான் ஒரு துகள் மட்டுமில்லாமல் ஓர் அலையாகவும் இருப்பதால், மெல்லிய சுவரின் அந்தப்பக்கமும் அது இருப்பதற்கு ஒரு வாய்ப்பு உண்டு. இதன் கணக்கை ரால்ஃப் ஃபவுலரும் லோதர் நோர்ட்ஹைமும் 1928லேயே போட்டுவிட்டார்கள். 1985இல் பாலம் திறக்கும் வரை பினாங்குத் தீவிலிருந்து எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்குக் காரில் போக ஃபெரியை விட்டால் வழி கிடையாது. எலக்ட்ரானுக்கு ஃபெரியும் வேண்டாம், பாலமும் வேண்டாம். ஆனால் கடல் குறுகலாக இருக்க வேண்டும்: அந்தக் கண்ணாடிச் சுவரின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர்தான். ஒரு தலைமயிரின் குறுக்களவில் எட்டாயிரத்தில் ஒரு பங்கு. இந்த அளவுள்ள சுவர், வலுவான மின்புலம் இல்லாதபோது எலக்ட்ரானை 20 வருடம் பிடித்து வைத்திருக்கும் என்று தயாரிப்பாளர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். அலமாரியில் கிடந்த ஐந்து வருடம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்றைய கணினியில் கடவுச்சொல்லுக்கு ஈடாகச் சேமிக்கப்படுவது பெரும்பாலும் 256 பிட். அதில் பாதி பூஜ்ஜியம் என்று கொள்வோம். இந்த வகைச் சில்லில் பூஜ்ஜியம் என்றால் தீவில் எலக்ட்ரான்கள் இருக்கின்றன என்று பொருள். ஒரு தீவில் ஓராயிரம் என்று தோராயமாக வைத்தால், 128 தீவுகளில் 1,28,000 எலக்ட்ரான்கள். இத்தனையையும் சேர்த்து எடைபோட்டால் நான்கு நீர் மூலக்கூறுகளின் எடை வருகிறது. ஒரு துளித் தேநீரில் எத்தனை கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கும்! அதில் வெறும் நான்கின் எடை, ஒன்றரைக் கிலோ மடிக்கணினியை ஐந்து வருடம் அசையவிடாமல் பிடித்து நிறுத்தியிருக்கிறது. இதைக் கணக்கிட்டு முடித்ததும் எனக்கு அந்தப் பூட்டின் மேல் இருந்த எரிச்சல் போய்விட்டது.

கடவுச்சொல்லுக்கு ஈடாக என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என் சொல் அந்தச் சில்லில் இல்லவே இல்லை. போட்ட அன்றே அதை அரைத்துவிட்டார்கள். அரிசியை அரைத்தால் மாவு வரும், மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியாது. அப்படி ஒருவழியாக மட்டும் போகும் கணக்கு ஒன்று உண்டு. சொல்லை அதில் போட்டால் ஓர் எண் வரும். அந்த எண்ணைத்தான் சில்லு வைத்திருக்கிறது. நாம் தட்டுகிற சொல்லையும் அதேபோல் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கிறது. என் சொல் என்ன என்று கேட்டால் அந்தக் கணினிக்கும் தெரியாது.

எவ்வளவு நன்றாக அரைக்கிறார்கள் என்பதில் பெரிய வித்தியாசம் இருந்திருக்கிறது. பழைய மடிக்கணினிகள் சிலவற்றில் அந்த எண் வெறும் 16 பிட். அதாவது மொத்தம் 65,536 எண்களுக்கு மேல் வர முடியாது. சிறிய ஆங்கில எழுத்துகளில் எட்டெழுத்துச் சொல் என்று எடுத்துக்கொண்டாலே 20,882 கோடி சொற்கள் சாத்தியம். அத்தனையும் 65,536 பெட்டிகளுக்குள் விழ வேண்டுமென்றால், ஒவ்வொரு பெட்டியிலும் சராசரியாக 32 லட்சம் சொற்கள். உங்கள் சொல் எதுவாயிருந்தாலும் அதே பூட்டை அச்சாகத் திறக்கும் வேறு சொற்கள் முப்பது லட்சத்துக்கு மேல் இருக்கின்றன என்று அர்த்தம். நீங்கள் மறந்த சொல் தேவையே இல்லை. அதே எண்ணைத் தரும் ஏதோ ஒரு சொல் போதும். இதைக் கண்டுபிடித்தவர்கள் அந்தப் பூட்டுகளைக் கணக்குப் போட்டே திறந்தார்கள். இப்போது பரவலாக உள்ள 256 பிட் முறையில் அந்த உபாயம் பலிக்காது. அதில் சாத்தியமான எண்களின் எண்ணிக்கையை எழுத 78 இலக்கங்கள் வேண்டும்.

தயாரிப்பாளர்கள் இதில் கண்டிப்பாகவே இருக்கிறார்கள். திங்க்பேட் வரிசைக் கணினிகளில் மேலாளர் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் அதை நீக்க வழியில்லை, வாங்கியதற்கான சான்றோடு வந்தால் கட்டணத்துக்குத் தாய்ப்பலகையையே மாற்றித் தருகிறோம் என்பது ஐ.பி.எம். காலத்திலிருந்து லெனோவோ காலம் வரை எழுதப்பட்ட விதி. ஆப்பிளும் வாங்கிய சான்று கேட்கும். பூட்டுக்கு உரிமையாளரும் திருடனும் ஒன்றுதான், இரண்டு பேருமே சொல் தெரியாமல் நிற்பவர்கள். ஒரு காகித ரசீதுதான் எங்கள் இருவரையும் பிரித்துக் காட்டியது. இந்த ஏற்பாட்டை நான் ஏற்கிறேன். ஆனால் இதில் ஒரு வருத்தமும் இருக்கிறது. அலுவலகங்கள் கழித்துவிடும் கணினிகள் பூட்டோடு பழைய சந்தைக்கு வருகின்றன. போட்டவர் வேலையை விட்டுப் போயிருப்பார், ரசீது எங்கோ இருக்கும். நல்ல நிலையில் உள்ள இயந்திரம் குப்பைக்குப் போகும். மலேசியச் சட்டத்தில் அந்தக் குப்பைக்கு எஸ்.டபிள்யூ. 110 என்று தனிக் குறியீடே உண்டு. கழிக்கும் முன் பூட்டைக் கழற்றிவிட ஓர் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் பள்ளிப் பிள்ளை ஒருத்திக்கு ஒரு கணினி கிடைக்கும்.

என் கணினியின் மாடலில் பூட்டைக் கழற்ற ஒரு வழி இருந்தது. எல்லா மாடலிலும் இருக்காது. சிலவற்றில் இந்த எண் தனிச் சில்லில் இருக்கும், தொட்டால் கணினியே எழாது. தம்பி இரண்டு நாள் அவகாசம் கேட்டான். சனிக்கிழமை பெரியம்மாவும் என்னோடு வந்தார். குரல்பதிவைப் பற்றிச் சொன்னதிலிருந்து, அந்தச் சில்லைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

எட்டுக் கால் உள்ள சில்லு அது. ஒரு பக்கத்துக்கு நான்கு. உளுந்தம் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது. தம்பி அதன் மேல் ஒரு கவ்வியை மாட்டி, உள்ளே இருந்ததை ஒருமுறை முழுதாகப் படித்து எடுத்தான். பிறகு இரண்டாம் முறை படித்து, இரண்டு பிரதிகளும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டான். ஒரு கால் சரியாகப் படாவிட்டால் தவறாகப் படித்துவிடும் என்றான். திரையில் ஒரு வரியைக் காட்டி, "உங்க பாஸ்வேர்டு இங்கதான் அக்கா" என்றான். எண்ணும் எழுத்துமாக எதுவும் புரியாத ஒரு வரிசை. அதற்கு மேலும் கீழும் வரி வரியாக எஃப் எஃப் என்றே இருந்தது. எழுதப்படாத இடமாம் அது, எலக்ட்ரான் ஏறாத தீவுகள். மூலப் பிரதியைப் பத்திரப்படுத்திவிட்டு, அந்த வரியைத் துடைத்த பிரதியைச் சில்லில் திரும்ப எழுதினான். புது நாணய பேட்டரி ஒன்றையும் போட்டான். கணினி பூட்டுப் படம் இல்லாமல் எழுந்து, தேதியைக் கேட்டது. நான் தட்டிக் கொடுத்தேன்.

மூடியைப் பூட்டுவதற்கு முன்னால் பெரியம்மா, ஒருதரம் பார்க்கட்டுமா தம்பி என்றார். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு, பலகையை நுண்ணோக்கிக்கு அடியில் தள்ளி வைத்தான். "உள்ள இருக்கிற கம்பி தங்கம்தானே?" என்றார். "இப்ப நெறைய செம்புக்கு மாறிடுச்சு பாட்டி. எல்லாம் மெஷினே ஒட்டிடுது" என்றான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்புரை அறுவை செய்த கண்ணைக் குழாயில் வைத்தார். வலது கை தானாகவே பக்கவாட்டில் போய், பார்க்காமலே திருகைக் கண்டுபிடித்து, அரை மயிரிழை முன்னும் பின்னும் உருட்டி நிறுத்தியது. மூச்சை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டார்.

"லைட்ட கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளு தம்பி" என்றார்.